ஒரு துண்டு விடாமல்

“இவ்வளவு சின்னதாவா?” என்று கேட்டுவிட்டாள் தோவா. கேட்ட பிறகுதான், வண்டியில் வேறு யாரும் பேசாமல் வருவது அவளுக்கு உறைத்தது.

முன் இருக்கையில் சதோகோவின் மடியில் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி இருந்தது. வளைவில் வண்டி திரும்பியபோது துணி விலகி, உள்ளே இருந்த பீங்கான் ஜாடி தெரிந்தது. ஊரில் அம்மா கத்தரிக்காய் உப்பில் ஊறப்போடும் ஜாடியில் பாதிகூட இல்லை. தோவாவின் மடியில், கறுப்பு நாடா கட்டிய சட்டத்துக்குள் அண்ணன் கியெம் சிரித்துக்கொண்டிருந்தான். நிஜமான கியெம் முன்னால் போகும் கறுப்பு வண்டியில் படுத்திருந்தான். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து தூங்கியவன் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார் டாக்டர். வயது முப்பதுகூட ஆகவில்லை.

“அது போதும்,” என்றாள் சதோகோ, திரும்பாமல். “இந்தப் பக்கம் எல்லாத்தையும் எடுக்க மாட்டோம். தொண்டை எலும்பு, தலையில கொஞ்சம், கை கால்ல கொஞ்சம். அவ்வளவுதான் வீட்டுக்கு.”

“மிச்சம்?”

“அங்கேயே.”

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த நிஷிவாகி தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர்தான் கியெம் வேலை பார்த்த சலவைக் கூடத்து முதலாளி; சதோகோ அவருடைய மனைவி. கடற்கரை வெந்நீர் விடுதிகளின் படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் அவர்களிடம்தான் வெளுப்புக்கு வரும். வண்டியும் சலவை வண்டிதான். பின்னால் மூட்டை மூட்டையாகத் துணி. “மன்னிக்கணும்மா, விடுதிக்காரங்க கேக்க மாட்டாங்க, திரும்பறப்போ இறக்கணும்,” என்று கிளம்பும்போதே அவர் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டிருந்தார்.

அம்மாவுக்குத் தோவா வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவளும் ஜப்பானில்தான் இருந்தாள். கிழக்கே குன்மாவில், சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலை. அண்ணன் மேற்கே, வக்கயாமாவில். ஒரே நாடு என்றுதான் பேர். அவளுக்கு விடுமுறை வரும் நாளில்தான் விடுதிகள் நிரம்பி வழியும், அவனால் நகர முடியாது. மூன்று வருஷமாக உறவு போனிலேயே ஓடியது. குன்மாவில் மேற்பார்வையாளரின் அம்மா இறந்தபோது அவளும் போயிருந்தாள். அங்கே பெரிய ஜாடி. எலும்பெல்லாம் எடுத்த பிறகு, தட்டில் இருந்த பொடியைக்கூடச் சின்னத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிப் போட்டார்கள். ஜப்பான் முழுக்க அப்படித்தான் என்று தோவா நினைத்துக்கொண்டாள். கிழக்குக்கு ஒரு வழக்கம், மேற்குக்கு ஒரு வழக்கம் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

“எரிக்கிறதா? என் புள்ளையையா?” என்று அம்மா வியட்நாமின் நாம் தின் ஊரிலிருந்து போனில் கத்தினாள்.

“எரிச்சாலும் எல்லா எலும்பும் வரும்மா. நான் கண்ணால பாத்திருக்கேன்.”

“ஒண்ணு விடாம?”

“ஒண்ணு விடாம.”

அதை நம்பித்தான் அம்மா சம்மதித்தாள். வியட்நாமில் அவர்கள் பக்கம் புதைத்துவிட்டு, மூன்று வருஷம் கழித்துத் தோண்டி எடுப்பார்கள். வாசனை நீரில் எலும்புகளைக் கழுவி, தலை முதல் கால் வரை வரிசை தவறாமல் சின்ன மண்பெட்டியில் அடுக்குவார்கள். அப்புறம்தான் போனவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று அர்த்தம். ஒரு எலும்பு குறைந்தால் வீடே தூங்காது.

தகனக்கூடம் மலைச்சரிவில் இருந்தது. கியெம்மை உள்ளே தள்ளிக் கதவு மூடியபோது தோவா அழுதாள். அழுதுகொண்டே, கதவுக்குப் பக்கத்தில் இருந்த பொத்தான்களில் எது எதற்கு என்றும் பார்த்தாள். வெளியே வந்து புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள். புகையே வரவில்லை. புகை எங்கே போகிறது? இப்படி ஒரு நேரத்தில் இப்படி ஒரு சந்தேகமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் அவள் பிறவியே அப்படி. கேள்வி மூட்டை என்றுதான் அண்ணன் அவளைக் கூப்பிடுவான். “மூட்டை, ராத்திரி என்ன சாப்ட்டே?” என்று ஆரம்பித்தால், அவள் பத்துக் கேள்வி கேட்ட பிறகுதான் அவனால் போனை வைக்க முடியும். அவனோ எதற்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. வேலை எப்படி என்றால் வெள்ளை என்பான். முதலாளி எப்படி என்றால் வழுக்கை என்பான்.

காத்திருக்கும் அறையில் சோற்று உருண்டையும் தேநீரும் வைத்திருந்தார்கள். முதலாளி நிஜமாகவே வழுக்கைதான். தோவாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஜாடியைப் பற்றிக் கேட்க வாயெடுத்து, பயந்து, வேறொன்றைக் கேட்டாள்.

“எங்க அண்ணன் இங்க எப்படி இருந்தான்?”

நிஷிவாகி உருண்டையைக் கீழே வைத்தார். “எப்படின்னா... பிடிவாதக்காரன்மா. ஒரு தடவை விடுதியிலேர்ந்து போன் வந்தது. ஒரு தாத்தா பல் செட்டைக் காகிதத்துல சுத்தித் தலையணைக்கடியில வெச்சிட்டாராம். துணியோட துணியா இங்க வந்துடுச்சு. அன்னிக்கு வந்தது எவ்வளவு துணி தெரியுமா? நான் சொன்னேன், விடுடா, மன்னிப்புக் கேட்டு புதுப் பல் வாங்கிக் குடுத்துடலாம்னு. கேக்கவே இல்ல. ஒவ்வொரு விரிப்பா உதறினான். கடைசில உலர்த்துற மெஷின்ல பஞ்சு சேருமே, அந்தத் தட்டுக்குள்ள கையை விட்டு எடுத்தான். முகமெல்லாம் பஞ்சு. மேல்பல்லு மட்டும்தான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, கீழ்ப்பல்லுக்கு மறுபடி ஆரம்பிச்சான்! நான் திட்டினேன். ‘முதலாளி, இது ஒரு மனுஷனோட துண்டு, பாதி கெடச்சா எப்படி விடறது’ன்னான். பல் செட்டு எப்படிடா மனுஷனோட துண்டாகும்னு எனக்குப் புரியவே இல்ல. அந்தத் தாத்தா இன்னும் வருஷா வருஷம் ஆப்பிள் அனுப்பறார். எல்லாம் கியெம் பேருக்குத்தான், எனக்கு ஒண்ணுகூடக் கெடயாது.”

அவர் சிரித்தார். மூலையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த சதோகோ சிரிக்கவில்லை. அவள் முகத்தில் மூன்று நாளாகவே எதுவும் அசையவில்லை. அண்ணனின் அறையை ஒழிக்கும்போதுகூட, “செருப்பை என்னிக்காவது ஒழுங்கா விட்டிருக்கானா பாருங்க,” என்றுதான் சொன்னாள்.

தோவாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. அப்பாவின் எலும்பைக் கழுவிய கதையைச் சொன்னாள். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. எல்லாம் எடுத்து அடுக்கியாயிற்று, வலது கையில் ஒரு விரல் எலும்பு மட்டும் இல்லை. வந்திருந்த பெரியவர்கள், மண் தின்றிருக்கும், மூடலாம் என்றார்கள். அம்மா மூட விடவில்லை. கியெம் குழிக்குள் இறங்கி, அரிசிக் கூடையில் சேற்றை அள்ளி அள்ளி அலசினான். மழை வேறு பிடித்துக்கொண்டது. கடைசியில் மேலே ஏறி வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டி, “அப்பா சிகரெட்டைத் தட்டுற விரல்மா, அதான் ஒளிஞ்சிருக்கு,” என்றான். அம்மா அவனை அறைந்தாள். அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“நான் எங்கம்மாகிட்ட ஒண்ணு விடாமக் கொண்டு வர்றேன்னு சொல்லிட்டேன்,” என்றாள் தோவா. “இந்த ஊர் வழக்கம் தெரியாம சொல்லிட்டேன். தொந்தரவு குடுக்கிறேன், மன்னிச்சுக்கங்க. ஆனா அந்த ஜாடியோட மட்டும் என்னால ஊருக்குப் போக முடியாது.”

நிஷிவாகி தேநீரைக் கீழே வைத்தார். “ஓ, அதான் அந்தப் பல்லா,” என்றார் மெதுவாக. எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வந்தபோது கூடவே வெள்ளைக் கையுறை போட்ட ஊழியரும் வந்தார். பொறுமையான மனிதர்.

“எடுத்துக்கறது உங்க உரிமைங்க, நான் தடுக்க மாட்டேன்,” என்றார். “ஆனா எங்ககிட்ட ஜாடி கெடயாது, அது ஈமச்சடங்குக் கடைக்காரங்க பொறுப்பு. பெரிய ஜாடி வேணும்னா நகரத்துலேர்ந்துதான் வரணும். அடுத்த குடும்பம் வந்துட்டாங்க, அதுவரைக்கும் அறையை நிறுத்தி வைக்க முடியாது. சுத்தமான துணிப்பை ஏதாவது இருந்தாக்கூடப் போதும். எங்கயாவது கெடைக்குமா?”

தோவா தன் முதுகுப்பையை நினைத்துப் பார்த்தாள். தொழிற்சாலைச் சட்டையும் ஒரு ஜோடிச் செருப்பும் வைத்துக்கொண்டு வந்த பை. அதிலா அண்ணனை வைப்பது? அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

சதோகோ எழுந்தாள். யாரையும் பார்க்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

“கோவமா?” என்று தோவா கேட்டாள்.

“தெரியலம்மா. கல்யாணமாகி முப்பது வருஷம், எனக்கே பாதி நேரம் தெரியாது,” என்றார் நிஷிவாகி. “அவளைத் தப்பா நெனக்காதே. மூணு நாளா அழவும் இல்ல, தூங்கவும் இல்ல. இஸ்திரி போட்டுக்கிட்டே இருக்கா.”

சதோகோ திரும்பி வந்தபோது அவள் கையில் நூல் கட்டிய தலையணை உறைக் கட்டு ஒன்று இருந்தது. பளிச்சென்ற வெள்ளை. ஒவ்வொரு உறையிலும் ஒரு மூலை உள்பக்கமாகச் செருகப்பட்டிருந்தது. தோவா அதைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். வீட்டில் போர்வையை அண்ணன் அப்படித்தான் மடிப்பான்.

“மூணா மடின்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேன்,” என்றாள் சதோகோ. “நாலு வருஷம் சொன்னேன், மாத்தினானா? மூலையை உள்ள சொருகினா பிரிஞ்சு போகாதாம். விடுதிக்காரங்க குறை சொன்னா வாங்கிக் கட்டிக்கறது யாரு, நான்தான்.”

“இது விடுதிக்குப் போக வேண்டியதாச்சே?” என்றார் நிஷிவாகி.

“புதன்கிழமை போக வேண்டியது. நான் அனுப்பல. என் இருக்கைக்கு அடியில இருந்தது.”

தட்டு வெளியே வந்தபோது அறையே சூடாக இருந்தது. தோவா பயப்படுவாள் என்று நினைத்து ஊழியர் அவளுக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தார். அவள் உட்காரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தாள். அப்பாவின் எலும்பு தேயிலைத் தண்ணீர் நிறத்தில், ஈரமாக, கனமாக இருந்தது. இது வெள்ளையாக, லேசாக இருந்தது. ஒரே வீட்டு எலும்பு, இப்படி மாறுமா? தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அண்ணன் இருந்திருந்தால் தொடேன் மூட்டை என்றிருப்பான்.

ஆளுக்கு ஒரு ஜோடிக் குச்சி கொடுத்தார்கள், ஒரு குச்சி மூங்கில், ஒரு குச்சி வேறு மரம். இருவர் சேர்ந்து ஒரே எலும்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். கால் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், அப்போதுதான் உள்ளே போகிறவர் தலைகீழாக உட்கார மாட்டார். தோவா சதோகோவோடு ஜோடி சேர்ந்தாள். முதல் எலும்பு பாதியிலேயே வழுக்கியது. சதோகோ குச்சியை ரொம்ப மேலே பிடித்திருந்தாள். “கொஞ்சம் கீழ பிடிங்க,” என்றாள் தோவா. சதோகோ கீழே பிடித்தாள்.

தொண்டை எலும்பை ஊழியர் தனியாக எடுத்துக் காட்டினார். கை கூப்பி உட்கார்ந்திருக்கும் புத்தர் மாதிரி இருந்தது. “நல்லா உருக் கலையாம இருக்குங்க. எல்லாருக்கும் இப்படி வராது,” என்றார். அது கடைசியாக ஜாடிக்குள் போனது. வழக்கப்படி காரியம் அங்கே முடிந்தது. தட்டில் கியெம் இன்னும் பாதிக்கு மேல் இருந்தான்.

சதோகோ கட்டை அவிழ்த்து ஓர் உறையைத் தோவாவிடம் நீட்டினாள். தோவா வாங்கி, அந்தச் செருகிய மூலையில் விரலை வைத்தாள். பிரிக்க மனம் வரவில்லை. அவன் கடைசியாகச் செய்த காரியம் இது. பிரித்துவிட்டால் அவனைத் தவிர வேறு யாராலும் இப்படி மடிக்க முடியாது என்று தோன்றியது.

“பிரிம்மா,” என்றாள் சதோகோ. “இன்னும் இருக்கு. கட்டு முழுக்க இருக்கு.”

பிரித்தாள். சோப்பு வாசனையும் வெயில் வாசனையும் வந்தது. அதற்குப் பிறகு குச்சி சரிப்படவில்லை, கையாலேயே எடுத்தார்கள். விலா, முதுகு, முழங்கால் சில்லு. விரல் எலும்புகளைத் தோவா தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துச் சரிபார்த்தாள். சில உடைந்திருந்தன, சில பொடியாகவே இருந்தன. ஊழியர் எதுவும் கேட்காமல் சின்னத் துடைப்பம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நிஷிவாகி உறையின் வாயை அகலப் பிடித்துக்கொள்ள, சதோகோ தட்டின் மேல் குனிந்து, மூலை மூலையாகக் கூட்டினாள். தினமும் இஸ்திரி மேஜையைத் துடைக்கிற கை, ஒரு பொட்டு விடவில்லை. உறையின் வாயை மடித்து, மூலையை உள்ளே செருகினாள். செருகியது அப்படியே நின்றது, பிரியவில்லை.

வண்டியில் தோவா உறையை மடியில் வைத்துக்கொண்டாள். சூடு துணியைத் தாண்டி வந்தது. இந்தத் தடவை சதோகோவும் பின் இருக்கையில், அவள் பக்கத்திலேயே, ஜாடியையும் படத்தையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மலை இறங்கும்போது அம்மா கூப்பிட்டாள்.

“எல்லாம் எடுத்தியாடி?”

சொல்ல வாயைத் திறந்தபோதுதான் தோவா அதைப் பார்த்தாள். சதோகோவின் கறுப்புச் சட்டையில், வலது கை விளிம்பில், வெள்ளையாக ஒரு தீற்றல். தட்டின் மேல் குனிந்தபோது பட்டது. தோவாவின் கை தானாக அந்தப் பக்கம் நீண்டது; தட்டி உறைக்குள் விட எவ்வளவு நேரமாகும்?

சதோகோவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தட்டிவிடவில்லை. அந்தக் கையை மட்டும் எதிலும் படாமல், மடியிலிருந்து சற்றுத் தூக்கியே வைத்திருந்தாள்.

“என்னடி, சத்தத்தையே காணோம்? எல்லாம் வந்துச்சா?”

தோவா நீட்டிய கையை மடக்கி உறையின் மேல் வைத்துக்கொண்டாள்.

“வந்துடுச்சும்மா,” என்றாள். “ஒண்ணு விடாம.”