கிளிஃபர்ட் அறை ஏசி

மெக்கானிக் தௌசீஃப் மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ஏசியின் வெளிப் பெட்டியிலிருந்த அலுமினியத் தகடு, அப்பளமாக நொறுங்கியிருந்தது.

"காயில் மொத்தமும் பூட்ச்சு ஆன்ட்டி. கேஸ் நிக்காது."

"ஓட்டவே இல்லையேப்பா," என்றாள் பியாட்ரிஸ். "ரெண்டு கிறிஸ்துமஸ், அவ்வளவுதான்."

"ஓட்னாலும் ஓட்டாட்டியும் உப்புக்காத்து துன்னுக்கினேதான் கீது. சாந்தோம்ல அஞ்சாறு வருஷம் வந்தாலே பெருசு."

டொரன்டோவில் இருக்கும் ஒரே மகன் கிளிஃபர்டுக்காக வாங்கியது. அவன் வந்து தங்கியது அந்த இரண்டு கிறிஸ்துமஸ்தான். பிறகும் அவள் கணவர் அல்போன்ஸ் பழைய போர்வையில் உறை தைத்து மாட்டி, ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி டப்பாவில் போட்டு, அறையைப் பூட்டியே வைத்திருந்தார். சாக்பீஸைக்கூட மிச்சம் பிடித்த வாத்தியார், ஏசியை விடுவாரா? போன மாதம் கத்திரி வெயிலில், இதயம் பலவீனமாகி ஹாலில் கிடந்தார். குளிர்ச்சியான இடத்தில் படுக்க வையுங்கள் என்றார் டாக்டர். பியாட்ரிஸ் சாவியோடு வந்து நின்றாள். "இப்ப ஓட்டினா புள்ள வர்ற நேரத்துல மக்கர் பண்ணும். ஃபேனே போதும்டி," என்று மனுஷன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாளில் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வர மகனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு நாளை வருகிறான். அவன் இந்த அறையில் தங்கிவிட்டால் போதும், அவர் பட்ட பாட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"புதுசே போட்டுடு தௌசீஃப். சாயந்தரத்துக்குள்ள முடியுமா?"

"முடிச்சிரலாம்."

அப்போதுதான் கிளிஃபர்ட் கூப்பிட்டான்.

"அம்மா, ஃப்ளைட் ஏறப்போறோம். லிசாவுக்கும் பசங்களுக்கும் இந்த வெயில் தாங்காதும்மா. தி.நகர்ல ஓட்டல்ல ரூம் போட்டுட்டேன். நேரா கோயிலுக்கு வந்துடுறோம்."

உனக்காகத்தானேடா என்று சொல்ல வாயெடுத்தாள்.

"சரிப்பா. பத்திரமா வாங்க."

தௌசீஃப் காத்திருந்தான். "புதுசு சொல்லிடட்டா?"

"வேணாம்ப்பா. இது ஒண்ணுமே பண்ணாதா இனிமே?"

"காத்து வரும். சில்லுனு வராது."

அவன் போனதும் டப்பாவிலிருந்து பேட்டரியை எடுத்து ரிமோட்டில் போட்டாள். ஏசி ஒருமுறை முனகிவிட்டு வெதுவெதுப்பாக ஊதியது. பியாட்ரிஸ் மகனின் கட்டிலில், அல்போன்ஸுக்கு இடம் விட்டு, ஓரமாகப் படுத்துக்கொண்டாள்.