மூன்றாவது பிரஷ்

பெயர்த்தகடு இல்லாத டைனமோவை என் மேஜையில் வைத்துவிட்டு, இது எந்த வண்டிக்கு உரியது என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தகட்டைப் பிடுங்கி எறிந்தது யார், நானா? ஆனாலும் பார்த்துச் சொல்லிவிடுவேன். மாட்டும் காதுகளுக்கு நடுவே எத்தனை அங்குலம், தண்டு எவ்வளவு பருமன், ஒயர் பூட்ட வெளியே எத்தனை முனை என்று அளந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிக்கு மேலே சுற்றியிருக்கும் தகரப் பட்டையைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். இருபது வருஷமாக இந்தப் பழைய உதிரிபாகக் கடையில் எனக்கு இதுதான் வேலை. பாட்டன் காலத்துக் கார்களை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் என் வாய்ச்சொல்லை நம்பி வாங்கிப் போவார்கள்.

நான் பார்த்து மஞ்சள் பெயிண்டில் குறி போடுவேன். என் தம்பி அதை வண்டியில் மாட்டுவான். குறியைப் பார்ப்பானே தவிர, தானாக ஒன்றையும் திறந்து பார்க்க மாட்டான். அக்கா போட்டால் போட்டதுதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். எனக்கும் அதில் பெருமை தாங்காது.

அந்தத் தம்பிக்குத்தான் கெட்ட பெயர் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு அவன் டைனமோ மாட்டிக் கொடுத்த டாக்டரம்மாவின் கார், நெடுஞ்சாலையில் வேகம் பிடித்த கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் புகைந்து தீப்பிடித்தது. மண்ணை அள்ளிப் போட்டு அணைத்த அவர் கணவருக்கு வலது கை வெந்துபோனது. டாக்டரம்மா உறுப்பினராக உள்ள பழைய கார் சங்கத்து வண்டிகளை நம்பித்தான் தம்பி குடும்பம் ஓடுகிறது. சங்கத்தார் சனிக்கிழமை கூடி அவனை விலக்குவதாக இருந்தார்கள். அவனோ யாரையும் குறை சொல்லவில்லை. எங்கேயோ ஒயரைச் சரியாக முறுக்காமல் விட்டிருப்பேன் என்று தன்னையே நொந்துகொண்டான். அண்ணி, அவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார் என்று அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து அழுதாள்.

டாக்டரம்மா நியாயமானவர். எரிந்த டைனமோவை என்னிடமே அனுப்பி, தம்பி செய்த தப்பு என்ன என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொன்னார். என் எழுத்து இருந்தால் சங்கத்துக்குப் போதுமாம்.

வியாழக்கிழமை மதியம் தம்பி வெளியே போயிருந்தபோது பட்டையைக் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் தப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டது.

டைனமோ சுற்றும்போது உரசிக் கரண்டை எடுக்கும் கரித்துண்டுக்குப் பிரஷ் என்று பெயர். பழைய டைனமோக்களில் ஒரு ரகத்துக்கு அது மூன்று இருக்கும். மூன்றாவதுதான் கடிவாளம். வண்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் அது கரண்டை மட்டுப்படுத்தும். இரண்டே பிரஷ் உள்ள ரகத்துக்கு வெளியே ரெகுலேட்டர் பெட்டி வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒயர் வெந்துவிடும். இதன் பின்மூடியில் மூன்றாவது பிரஷை நகர்த்துவதற்கான பிளவு இருந்தது. அதை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத்தான் நான் மூன்று என்று குறி போட்டேன். உள்ளே பிளவு மட்டும் இருக்கிறது, பிரஷ் இல்லை. எவனோ ஒரு மெக்கானிக் ரெகுலேட்டர் வைத்து ஓட்டுவதற்காக எப்போதோ அதை எடுத்துவிட்டு, அதன் ஒயரைப் பக்கத்துப் பிரஷோடு ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறான். தம்பி என் குறியை நம்பி ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டியிருக்கிறான்.

நான் குறி போட்ட அன்றைக்குப் பட்டைத் திருகாணி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டுக் கால்மணி நேரம் பொறுத்திருந்தால் கழன்றிருக்கும். எனக்குத்தான் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாதே! எத்தனை பார்த்தாயிற்று, இதை வேறு திறக்க வேண்டுமா என்று பிரஷ் எத்தனை என்று எண்ணாமலே பெயிண்டை எடுத்துவிட்டேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லவே கூசுகிறது. துணியைப் பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்து, கரிக்கு அடியில் தெரிந்த மஞ்சள் குறியை அழுத்தித் துடைத்தேன். நான் இரண்டு என்றுதான் போட்டேன், தம்பி தப்பாகப் படித்துவிட்டான் என்று எழுதினால் தீர்ந்தது. நான் சொன்னால் அவனே அதை நம்பிவிடுவான். அது தெரிந்துதான் துடைத்தேன்.

தாளை எடுத்து இரண்டு வரி எழுதியிருப்பேன், தம்பி உள்ளே வந்தான். டைனமோ முழுக்கக் கரி. ஒரே ஒரு இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. அவன் விரலால் அதைத் தடவினான்.

"இந்த இடத்தை மட்டும் ஏன்க்கா தொடச்ச?"

அழுக்காக இருந்தது என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது. அவன் குனிந்து திறந்த பட்டைக்குள் பார்த்தான். பிறகு நான் எழுதிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தான்.

"தப்பு யாருக்கும் வரும்க்கா. ஒரு மாசமா என் கையையே நான் நம்பாம இருந்தேன், அதுகூடப் போகட்டும். நீ தொடச்சிட்டியே. அத என்னால தாங்க முடியல."

அவன் எதிரிலேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். குறி போட்டது, திறக்காமல் விட்டது, துடைத்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர், உங்கள் தம்பிமேல் இனி யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார். ஆனால் நீங்கள் குறி போட்டதை அவர் திறந்து பார்த்த பிறகுதான் எங்கள் சங்கத்து வண்டிகளில் மாட்ட வேண்டும் என்றார். சரி என்றேன்.

திங்கட்கிழமை நான் குறி போட்ட டைனமோ ஒன்றை அவன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பட்டையைக் கழற்றி, விளக்கைப் பிடித்துப் பார்த்து, ஒவ்வொரு பிரஷையும் தொட்டு எண்ணினான். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். குறி சரியாகத்தான் இருந்தது.

"சரியா இருக்கு" என்றான். அக்கா என்று சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இந்த மூன்று வாரமாகவே சொல்வதில்லை.