நாலு வெளிச்சம்

பாண்டித்துரை மிதித்த முதல் மிதியிலேயே முத்துப்பேச்சி அடுப்படியில் போய் விழுந்தாள். அடுத்தடுத்த மிதிகள் இடது விலாவில் இறங்கின. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கர்ப்பப்பை வாயில் வந்த புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. “கரண்டு வச்ச புண்ணு இன்னும் ஆறல, கிட்ட வராதீக” என்று அவள் சொன்னதுதான் குற்றம்.

“எவன்கிட்ட வாங்குன சீக்கோ. புருசன் கேட்டா மட்டும் வலிக்குதாக்கும்” என்றபடி, சுருண்டு கிடந்தவளைத் தாண்டிக்கொண்டு ஜீப் எடுக்கப் போனான். மூணாறு பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போகும் ஜீப் அது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூச்சை அரைகுறையாக இழுத்துக்கொண்டே பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளினாள். சாகப்போகிறவளுக்குச் சண்டை எதற்கு என்று நினைத்துக்கொண்டாள்.

கதிர்வீச்சு முடிந்த மூன்றாம் மாதம் எர்ணாகுளத்தில் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரை கலந்த மருந்தை ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வைத்தார்கள். நோய் மிச்சமிருந்தால் அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியுமாம்.

ரிசல்ட் வாங்கப் போன அன்று பாண்டித்துரையும் கூடவே வந்தான். இவள் இருப்பாளா போவாளா என்று தெரிந்தால் வேறு பெண் பார்க்கலாம் என்று பஸ்ஸிலேயே சொன்னான்.

டாக்டர் ஜிஷா மலையாளி, தமிழும் பேசுவார். கணினியைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். இடது விலாவில் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு வெளிச்சம்.

முத்துப்பேச்சி திரைக்கு அருகே குனிந்தாள். “எலும்புக்கும் போயிருச்சா டாக்டர்?”

“இல்ல. பரவினதா இருந்தா அங்கயும் இங்கயும் சிதறி இருக்கும். இது நேர் வரிசையா இருக்கு. முறிஞ்ச எலும்பு கூடுற இடம்.” டாக்டர் படத்தின் அடிவயிற்றுக்கு விரலை இறக்கினார். “இங்க ஒண்ணும் மின்னல. மூணாம் மாசம் இப்படி இருக்கிறவங்கள்ல கூடுதல் பேரும் வருசக்கணக்கா நல்லா இருக்காங்க. சரி, விலா எப்படி முறிஞ்சது?”

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா” என்றான் பாண்டித்துரை.

வருசக்கணக்காக. அத்தனை வருசமும் இவன் காலடியிலா என்று முத்துப்பேச்சி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“விழல டாக்டர். இவருதான் மிதிச்சாரு.”

பாண்டித்துரை அவள் கொண்டையைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். மூக்கு உடைந்தது. மறுமுறை மோதியதில் உதடு கிழிந்தது. டாக்டர் அலறிக்கொண்டே மணியை அழுத்தினார். குரல்வளையை நெரிக்க வந்த கையின் கட்டைவிரலை முத்துப்பேச்சி கவ்வினாள். மண்டையில் குத்தினான், அவள் விடவில்லை. பல் எலும்பில் பட்டது. அவன் ஊளையிட்டான். காவலாளிகள் இரண்டு பேர் அவனைத் தரையில் அமுக்கிய பிறகும், அவள் வாயைத் திறக்கச் சொல்லி ஜிஷா கெஞ்ச வேண்டியிருந்தது.

மூக்கில் பஞ்சோடு, பெண் போலீஸ் சிசிலியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“இனி எங்க போவீங்க?” என்று சிசிலி கேட்டார்.

“லயத்துக்குத்தான். எஸ்டேட்டுல எம்பேருக்குக் குடுத்த வீடு. அவரு சாமான வெளிய வச்சிருவேன்.” உதட்டு ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். “அதையும் சேத்து எழுதிக்கங்க.”