ஏரியில் மிதந்தவள்

பனிமூட்டம் விலகாத விடியலில் ஃபுசாயே நான்காவது முறையாக ஏரிக்குள் இறங்கினாள். மார்ச் மாதத்து மலைத் தண்ணீர் முழங்காலைக் கத்தியாய்க் கீறியது. இடுப்புக்கு ஏறியதும் மூச்சு அடைத்தது. மல்லாந்து படுத்துக் கண்களைத் திறந்து வைத்துக்கொண்டாள். இமைக்கக் கூடாது. அவள்தான் பிணம்.

ஜப்பானே படித்திருந்த பழைய துப்பறியும் நாவலைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு ஆண்டுத் துணை நடிகை ஃபுசாயே இதுவரை ஒரு வசனம் பேசியதில்லை. டோக்கியோவில் ஒற்றை அறை, ஒற்றைக் கிண்ணம். படப்பிடிப்பிலும் பிணத்தோடு யார் பேசுவார்கள்?

முந்தைய நாள் பிணமாக நடித்தவர் கிழவர் இசோமுரா. பாசியில் சிக்கி மூழ்கி, நுரையீரலில் தண்ணீர் ஏறி, ஊர் மருத்துவமனையில் கிடந்தார். மாலையில் அவள் மட்டும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாள்.

"வேற யாரும் வரலியாம்மா?"

"எல்லாரும் விசாரிச்சாங்கண்ணே" என்றாள். அவர் கண்ணை மூடித் தூங்கிப்போனார்.

இப்போது கரையிலிருந்து தயாரிப்பு மேனேஜர் நெசுவின் குரல் வந்தது. "பிணம் நடுங்குது! இன்னொரு தடவை!"

ஃபுசாயே எழுந்து கரையேறினாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"இறங்க மாட்டேன் சார். மொதல்ல இசோமுரா அண்ணன் வைத்தியத்தைக் கம்பெனி ஏத்துக்கட்டும். கரையில டாக்டர் வேணும்."

"அந்தாளு ஏஜென்சி அனுப்பின ஆளு. எங்களுக்கென்ன? உயிரோட இருக்கிற பிணம் ஆயிரம் கிடைக்கும்!"

அவள் கரையில் நின்ற படப்பிடிப்புக் குழுவினர் பக்கம் திரும்பினாள்.

"நேத்து அவருகிட்ட பொய் சொன்னேன். நீங்கள்லாம் விசாரிச்சதா."

விளக்குக்காரன் குகி குனிந்து பெரிய விளக்கை அணைத்தான். ஒப்பனைக்காரி தோமி தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினாள்.

"விளக்கைப் போடுடா!" நெசு கத்தினான்.

"நீங்க போய்ப் படுங்க சார் தண்ணியில. அப்புறம் போடறேன்."

நெசு டோக்கியோ தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்ய, அவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு ஓடினான். குழுவில் இருந்த முப்பது பேரும் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினார்கள். யாரோ சூடான மிசோ சூப்பை அவள் கையில் திணித்தார்கள். பசிக்கிறதா, குளிர் விட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் சொல்லிப் பழக்கமில்லாமல் திணறினாள்.

வெயில் ஏறியபோது நெசு திரும்பி வந்தான்.

"டோக்கியோ லைன்ல இருக்கு. பேச ஒருத்தர் மட்டும் வாங்க. யாரு தலைவர்?"

குகி ஃபுசாயேவைப் பார்த்தான். அவள் தோமியைப் பார்த்தாள். பிறகு முப்பது பேரும் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, விடுதியை நோக்கி நடந்தார்கள்.