காயாத பலகை

படகோட்டிக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. போன வருஷம், படகில் ஆட்கள் உட்காரும் ஒரே பலகைக்கு, வீட்டுக் கதவுக்கு அடிக்கும் வார்னிஷை ஒரே நாளில் கோட் மேல் கோட்டாகப் பூசித் தள்ளினார். அக்கரைத் துணிக்கடையில் வேலை பார்க்கும் மனைவி அது காயுமுன்னே அதில் போய் உட்கார்ந்தாள். எழுந்தபோது புதுச் சேலை பலகையோடு ஒட்டிக் கிழிந்தது. பயணிகள் சிரித்தார்கள். அதோடு போயிருக்கும், பாவி மனுஷன் தானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தார்! அன்றிலிருந்து அவள் பாலத்தைச் சுற்றி பஸ்ஸில்தான் போகிறாள்.

அவளைத் திரும்பப் படகில் ஏற்றியாக வேண்டும். படகைக் கரையேற்றிவிட்டு பெயிண்ட் கடைக்குப் போனார். கடையில் இருந்தவன் அவள் தம்பி.

"வீட்டு வார்னிஷே போதும் மாமா. பளபளன்னு இருக்கும்."

"அந்தப் பளபளப்புலதான் உங்கக்கா பஸ்ல போறா. வெயிலும் தண்ணியும் தாங்குற படகு வார்னிஷைக் குடுடா மச்சான்."

பழைய பூச்சைச் சுரண்டி, மர ரேகை போகும் போக்கிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். தின்னரில் நனைத்த துணியால் தூசியைத் துடைத்தார். குமிழி வரும் என்று டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் மெல்லக் கலக்கினார். மரம் குடிக்கட்டும் என்று முதல் கோட்டைத் தின்னர் கலந்து நீர்க்க அடித்தார். கட்டைவிரல்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. காய்ந்துவிட்டதா என்று அமுக்கிப் பார்க்கும், தடம் விழும், மறுபடி தேய்க்க வேண்டும்.

கடைசிக் கோட் அடித்த மறுநாள் மச்சான் ஓடிவந்தான். "மாமா, நீங்க படுற பாட்டை அக்காகிட்ட சொன்னேன். இன்னிக்குப் படகுலதான் போறாளாம்!"

இருவருமாகப் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். கை சும்மா இருக்குமா? அமுக்கினார். அச்சாகத் தடம் விழுந்தது. மூடிய வானம், ஈரக்காற்று. எங்கே காயும்?

அவள் படித்துறையில் வந்து நின்றாள். சொன்னால் போய்விடுவாள், இனி வரவே மாட்டாள்.

"இன்னும் காயல. உக்காந்தா ஒட்டிக்கும்," என்றார். "பஸ்லயே போ. அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது. தப்புதான்."

அவள் குனிந்து பலகையைப் பார்த்தாள்.

"இந்த விரலை வெச்சுக்கிட்டு சும்மாவே இருக்க மாட்டீங்களா?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகில் இறங்கினாள்.

"நின்னுக்கிட்டே வரேன். கழியை எடுங்க."

அவர் நின்றபடி கழியை ஊன்றித் தள்ள, அவள் பின்னால் நின்று அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். நடு ஆற்றில் அவள் சிரிப்பது கேட்டது. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையும் கழியில் இருந்தன, கண்ணைத் துடைக்க ஒரு கை இல்லை.