பதினான்காம் கூண்டின் ‘நலம்’

1

வெள்ளி, ஜூன் 12, ஈப்போ. இன்று ஒரு தவறு செய்தேன். ஆய்வகத்தின் எலி அறையில், கூண்டுகளைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே அவற்றில் தொங்கும் இருபது அட்டைகளிலும் ‘நலம்’ என்று டிக் போட்டுவிட்டேன். முதலில் டிக், பிறகு பார்வை. என்னைப் போன்ற பராமரிப்பாளர்கள் எல்லோரும் செய்வதுதான். பதினான்காம் கூண்டில் ஒரு வெள்ளைச் சுண்டெலி முதுகு கூனி, ரோமம் சிலிர்த்து, தண்ணீர்க் குழாயை எட்ட முடியாமல் கிடந்தது.

இந்தக் கதை அந்த டிக்கிலிருந்து தொடங்கியது.

2

முதல் தொடக்கம்: ‘அதற்கு எவ்வளவு வலித்தது என்றால்’ [எனக்கு எப்படித் தெரியும்? விட்டுவிட்டேன்.]

இரண்டாவது: ‘ஆராய்ச்சி தேவைதான், ஆனால்’ [இந்த ‘ஆனால்’ கோழைத்தனம்.]

நடந்ததையே எழுதுகிறேன். ஆய்வு மாணவர் கியான் வெய்யைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“திங்கக்கிழமை வரைக்கும் இருக்கட்டுமே. கடைசி ரத்தம் எடுத்துட்டா என் வேலை முடிஞ்சிடும்.”

“மூணு நாளா? நிக்கவே முடியல அதால. இப்படி ஆனா வலியில்லாம அதோட உயிரை முடிச்சிடணும்னு, ஆராய்ச்சி அனுமதிக்கு நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு.”

“உன் கார்டுல ‘நலம்’னுதானே இருக்கு?”



கியான் வெய் போனதும், என்னோடு வேலை செய்யும் மூத்தவர், நான் மலாயில் ‘காக்’ (அக்கா) என்று கூப்பிடும் காக் ரோஸ்னா, சிரித்தார். “பேனா உன்னோடது, எலி அவனோடது. நாளைக்கு விலங்கு மருத்துவர் வருவாங்க, கார்டை மட்டும் பாத்துட்டுப் போயிடுவாங்க. இப்பப் போய் அடிச்சுத் திருத்தினா பாக்காமலே டிக் போட்டேன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி. உன் ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாசம்லா, சங்கரி, வேலை வேணாமா?”

[இவரைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. இதைச் சொல்லிக்கொண்டே அவர் தீவனத்தைத் தண்ணீரில் குழைத்து, அதன் வாய்க்கு எட்டும்படி கூண்டின் தரையில் வைத்தார்.]

நான் திருத்தவில்லை. வீட்டு வாடகையை நினைத்தேன்.

3

மாலையில், நான் போகும் கதை எழுதும் வகுப்பில், இதுவரை எழுதியதைப் படித்தேன். உணவுக்கடை வைத்திருக்கும் பாக்கியம் ஆன்ட்டி, “எங்க கடையில பசை அட்டை வச்சுப் புடிக்கிறோம், நீ ஏர்கோன் போட்டுக் குளுகுளுன்னு வளக்கிறியா! எலிக்கு ஆயா வேலை பாக்கவா உங்கம்மா படிக்க வச்சாங்க?” என்றார். வகுப்பே சிரித்தது.

சாப்பாட்டுக்கு முன் அவர் விழுங்கும் சர்க்கரை மாத்திரை முதலில் எந்த உடம்பில் இறங்கியது? அங்கே கேட்கவில்லை. இங்கே கேட்கிறேன், வாசகரே, உங்களையும் சேர்த்துத்தான். ஆராய்ச்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எலியின் உடம்பை எடுத்துக்கொண்டோம். வலிக்கு ஓர் எல்லை வைப்பதாகக் கையெழுத்தும் போட்டோம். ஒருவருடைய திங்கட்கிழமை வசதிக்காக அந்த எல்லையைத் தள்ளிவைக்க யார் உரிமை தந்தது? தள்ளிவைத்த கைகளில் என் கையும் ஒன்று என்பதால் எரிச்சல் இரட்டிப்பாகிறது.

4

முடிவு அ: திங்களன்று ரத்தம் கிடைக்கிறது. ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் எல்லோருக்கும் நன்றி, எலியைத் தவிர.

முடிவு ஆ: எலி தானாகவே தேறி [பொய்.]

முடிவு இ: எனக்கு வேலை போகிறது, அல்லது போகவில்லை. இதை எழுத மாட்டேன், இன்னும் நடக்கவில்லை. எது நடக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ, அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை, சனி. எனக்கு விடுமுறை. காலை ஏழு மணிக்கு எலி அறை. பதினான்காம் கூண்டின் ‘நலம்’ மேல் ஒரே கோடு; பக்கத்தில் ‘பார்க்காமல் போட்டது’, தேதி, என் முழுப்பெயர். மருத்துவர் வரும்வரை கூண்டருகே நிற்க வேண்டும்.