பாதி வழியில் ஒரு பெஞ்ச்

எங்கள் பார்க்கைத் திருத்தி அமைக்கப்போகிறேன் என்று நகராட்சி அனுப்பிய ஒரு பெண் வந்து நின்றபோது, அங்கிருந்த கொசுக்களுக்கே பென்ஷன் வாங்கும் வயது ஆகியிருந்தது. பாதையோரம் அடிக்கொரு பெஞ்ச். ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி கிடந்தோம்.

கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கியதால் அவளுக்கு டேப்பம்மா என்று பெயர் வைத்தோம். ஒரு மாலை கிழடுகளையெல்லாம் கூட்டி வைத்துக் கேட்டாள்: "உட்காராம ஒரே மூச்சுல எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

கேள்வி சரி. கேட்ட இடம்தான் தப்பு. பக்கத்தில் யோகா முடித்த பெண்கள் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்பிள்ளை வாயில் உண்மை வருமா? பல் டாக்டர் நாலு சுற்று என்றார்; அவரைக் காரிலிருந்து இறக்கவே கிரேன் வேண்டும். தையல்காரர் ஆறு என்றார். என் மச்சான் எழுந்து பேன்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு, "எனக்குப் பத்து ரவுண்டு பத்தாதும்மா" என்றார்.

மச்சான் என்றால், போய்ச் சேர்ந்த என் மனைவியின் அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்தவர். நான் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தவன். என் கால்கள் பூமியை இரண்டு முறை சுற்றியவை. அவர் நுரையீரலோ எப்போதோ படுத்துவிட்டது. ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குப் போவதற்குள் மூச்சு இரைக்கும். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பேச ஆள் கிடையாது. பகலெல்லாம் சேர்த்துவைத்த பேச்சைப் பார்க்கில் வந்து கொட்டினால்தான் ராத்திரி தூக்கம்.

டேப்பம்மா எங்களை நம்பிவிட்டாள். பாதையோரப் பெஞ்சுகளைப் பிடுங்கி, கோடியிலிருந்த பெரிய மரத்தடியில் வட்டமாகப் போட்டாள். நடந்தால் உடம்புக்கு நல்லது, போய் உட்கார்ந்தால் மனசுக்கு நல்லது என்பது அவள் கணக்கு. கணக்கு பலித்தது. ஜென்ம விரோதிகள் எதிரெதிரே உட்கார நேர்ந்து, வேறு வழியில்லாமல் சிநேகமானார்கள். செத்துப்போனவர்கள்கூட ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

முதல் நாள் மச்சான் பாதி வழியில் நின்றார்.

"இது என்ன செடி மாப்ள?"

"புல்லு."

"நல்லா வந்திருக்கு."

கொஞ்சம் தள்ளிச் செருப்பைக் கழற்றி, இல்லாத கல்லைத் தட்டினார். இன்னும் கொஞ்சம் தள்ளி, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்தார். மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது பேச மூச்சு மிச்சமில்லை. பஸ் நிறைய ஆளை வாயாலேயே அடக்கிய மனுஷன், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது சொன்னேன்: "நடுவுல ஒரு பெஞ்ச் போடச் சொல்லிடலாம் மச்சான்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"அத்தனை பேர் முன்னாடி பத்துன்னு சொல்லிட்டேன். என் தங்கச்சியக் கட்டுனதுக்கு இந்த ஒரு மரியாதையாவது குடு."

அப்புறம் அவர் வரவில்லை. மழை என்றார்; வெளியே தார் உருகும் வெயில். டிவியில் மேட்ச் என்றார். டிவி கெட்டுப்போய் மூலையில் கிடந்தது. நான்தான் அவர் அறைக்குப் போய், மரத்தடியில் யார் என்ன பேசினார்கள் என்று கை கால் வைத்துச் சொல்வேன். கட்டிலில் சாய்ந்து கேட்டுவிட்டு, "நான் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்பார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

புதுப் பார்க் எப்படி இருக்கிறதென்று பார்க்க டேப்பம்மா மறுபடி வந்தாள். மரத்தடியில் எல்லோரும் இருக்கும்போதே எழுந்து நின்றேன். "எனக்கு முட்டி போச்சும்மா. பாதி வழியில உயிர் போகுது. ஒருநாள் தவழ்ந்தே வந்தேன். பூனை ஒண்ணு பாவம் பாத்துக் கூடவே வந்துச்சு."

"நேத்து தாவி வந்தீரேய்யா" என்றார் தையல்காரர்.

"வலி தாங்காமத்தான் தாவினேன்."

யோகாப் பெண்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். டேப்பம்மா சிரிக்கவில்லை. எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்டாள். முட்டியைக் காட்டாமல், மச்சான் நின்ற இடத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

பெஞ்ச் வந்த செய்தியைக் கேட்டு மச்சான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா, கடைசியில முட்டி யாருக்குப் போச்சு? சரி வா, துணைக்கு வர்றேன்."

வந்தார். பெஞ்சில் சாய்ந்து, போகிற வருகிறவர்களை நிறுத்தி, "மாப்ளைக்கு முடியல, அதான் உட்கார்ந்திருக்கோம்" என்பார். நின்றவர்களை எளிதில் விடமாட்டார். மரத்தடிக் கூட்டம் மெல்ல மெல்ல இங்கே நகர்ந்தது. இடம் போதாமல் பல் டாக்டர் புல்லில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நாள்தான். பிறகு வீட்டிலிருந்து பார்க் வாசலுக்கே மூச்சு போதவில்லை. பிறகு கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு. பிறகு அதற்கும் போதவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் தனியாகப் பார்க்குக்குப் போன அன்று, தையல்காரர் எதிரே வந்தார். "பாவம், உங்களுக்காகத்தான் அவர் தினமும் கூட வந்தார். இனிமே என்ன பண்ணுவீங்க?"

என் முட்டி இரும்பு. அதைச் சொன்னால் மச்சானின் பத்து ரவுண்டு பொய்யாகிவிடும்.

அவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். இதுவரை நொண்டியது இடது காலா வலது காலா என்பது சுத்தமாக மறந்துவிட்டது. கிடைத்த காலை நொண்டிக்கொண்டு நடந்தேன்.